கூப்பிடுகிற பட்டறைக்கெல்லாம் போகத்தான் வேண்டுமா?

அறிவியல் ஆசிரியர்களுக்கு வளர வாய்ப்பே இல்லை என்று யாராவது சொன்னால் என் கைப்பேசியை எடுத்து நீட்டிவிடுவேன். ஒரு சாதாரண வாரத்தில் வாட்சாப்பில் வந்து விழும் அழைப்புகளைப் பாருங்கள். ரோபோட்டிக் பட்டறை, செயற்கை நுண்ணறிவு அறிமுகம், உயர்நிலைச் சிந்தனைத்திறன் பயிற்சி, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் ஸ்டெம் கார்னிவல், கூகல் சான்றிதழுக்கு ஆயத்த வகுப்பு. எல்லாவற்றிலும் இடம் குறைவு, முந்துபவர்களுக்கே முன்னுரிமை, மின்சான்றிதழ் உண்டு. சான்றிதழ் உண்டு என்பதைத்தான் எல்லோரும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், என்ன சொல்லித் தருவார்கள் என்பது எங்கேயோ மூலையில் கிடக்கும்.

நான் ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் ஆர்பிடியும் (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) சொல்லித் தருகிறேன். பெயரில்தான் இன்னும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பள்ளி இருப்பது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்து வரிசைவீடான லயம்தான் தெரியும், அதுவும் கதையாக. ஆனால் பள்ளியின் பின்வேலியைத் தாண்டினால் செம்பனைதான், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ரெங்கம், லாயாங் லாயாங், சிம்பாங் ரெங்கம் பக்கத்துப் பள்ளிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் ஆசிரியர் ஒருவர் பட்டறைக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. 150 பிள்ளைகளுக்குக் கீழே இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துவார்கள். அங்கே இருக்கிற ஆசிரியர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் மேலே. ஒருவர் கிளம்பினால் அவருடைய வகுப்புகளை மற்றவர்கள் தலையில்தான் கட்ட வேண்டும். இதில் ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொரு கூத்தும் இருந்தது. 2014இலிருந்து 2024 முடியும் வரை எங்களுக்கு வெள்ளி, சனிதான் வார விடுமுறை. கோலாலம்பூரில் சனி, ஞாயிறு என்று ஒரு நல்ல பயிற்சி வைத்தால், அவர்களுக்கு விடுமுறை நாள், எங்களுக்கு ஞாயிறு பள்ளி நாள். அனுமதிக் கடிதம், மாற்று ஆசிரியர், பெரிய வாத்தியாரின் பெருமூச்சு எல்லாம் தேவைப்படும். 2025 ஜனவரியிலிருந்து நாங்களும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டோம், அந்த ஒரு தலைவலி விட்டது.

ஆக, போவதற்கு விலை இருக்கிறது. அதனால்தான் எதற்குப் போவது, எதற்குப் போகாமல் இருப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை நிரப்ப எல்லோரும் ஓடுகிறோம், சரி. ஆனால் நாள் நிரம்புவது வேறு, வகுப்பில் ஏதாவது மாறுவது வேறு.

பெரும்பாலான பயிற்சிகள் எப்படி நடக்கின்றன என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேசிய அளவில் பிரதானப் பயிற்றுநர்களுக்கு மூன்று நான்கு நாள் சொல்லித் தருவார்கள். அவர்கள் மாநிலத்துக்கு வந்து அதை ஒரு நாளாகச் சுருக்குவார்கள். மாவட்டத்திலிருந்து போன ஆசிரியர் திரும்பி வந்து பள்ளியில் ஒரு மதியம், இரண்டு மணி நேரத்தில் மற்றவர்களுக்குச் சொல்லி முடிப்பார். தேநீரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிற மாதிரிதான், கடைசிக் கோப்பையில் நிறம் மட்டும் இருக்கும். முடிந்ததும் ஓபிஆர் எழுத வேண்டும், ஒரு பக்க அறிக்கை, நான்கு படங்கள். படங்கள் நன்றாக வந்திருந்தால் பயிற்சியும் நன்றாக நடந்தது என்று அர்த்தம்.

இது மலேசியாவுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. 2007இல் அமெரிக்கக் கல்வித் துறைக்காகச் செய்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஆசிரியர் பயிற்சி பற்றிய 1300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிப் பார்த்தது. நம்பத்தகுந்த முறையில் செய்யப்பட்டவை என்று தேறியது ஒன்பதே ஒன்பது. அவற்றிலும் 14 மணி நேரத்துக்கு மேல் நீடித்த பயிற்சிகளில்தான் மாணவர்களின் தேர்ச்சியில் நல்ல மாற்றம் தெரிந்தது, அதற்குக் குறைவானவற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நம்முடைய இரண்டு மணி நேர மதியங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கொள்கைக்காக நடத்தப்படும் பயிற்சிகள் கொள்கையோடு சேர்ந்து காலாவதியாகிவிடுகின்றன. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள். மடிக்கணினி கொடுத்து, மொழிப் பயிற்சி கொடுத்து, மூத்த ஆசிரியர்களை எல்லாம் ஓட வைத்தார்கள். 2009இல் அது வேண்டாம் என்று முடிவாயிற்று. 2011இல் புதிய கலைத்திட்டம், 2017இல் அதற்குத் திருத்தம், இடையில் 2016இல் இருமொழித் திட்டம், 2021இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தக்லிமாட் என்ற விளக்கக் கூட்டம், ஒவ்வொன்றுக்கும் கோப்பு. இவ்வளவுக்கும் நடுவில் பிறை ஏன் தேய்கிறது, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதில் எந்த மாற்றமும் இல்லை. அதனால் பாடப்பொருளைத் தொடுகிற பயிற்சியா, படிவம் நிரப்பச் சொல்லித் தருகிற பயிற்சியா என்று முதலில் பார்ப்பேன். இரண்டாவது வகை கட்டாயம் என்றால் போவேன், நானாகப் போய்ப் பெயர் கொடுக்க மாட்டேன்.

அப்படியானால் எங்கேதான் போவது?

நான் முதலில் சொல்வது பினாங்கில் இருக்கும் ரெக்சாம். தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்களின் அமைப்பு 1967இல் அறிவியல், கணிதக் கல்விக்கென்றே தொடங்கிய மையம். கெலுகோரில் இருக்கிறது, தங்குவதற்கும் அங்கேயே இடம் உண்டு. நம் நாட்டில் இருந்துகொண்டே நம் ஆசிரியர்களில் பலருக்கு இதன் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், கம்போடியா, மியன்மார் ஆசிரியர்கள் விமானம் ஏறி வருகிறார்கள், நாம் பஸ் ஏறுவதற்கு யோசிக்கிறோம். ஒரே பிரச்சினையை ஐந்து நாட்டு ஆசிரியர்கள் ஐந்து விதமாகச் சமாளிப்பதைக் கேட்பதே பாதிப் பயிற்சி. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளி நம்முடையது மட்டும்தான் என்ற நினைப்பு அங்கே போனால் கரைந்துவிடும்.

கோலாலம்பூரில் புக்கிட் கியாராவில் 1996இல் திறந்த தேசிய அறிவியல் மையம், இரட்டைக் கோபுரத்துக்குள் 1999இலிருந்து இருக்கும் பெட்ரோசைன்ஸ் இரண்டையும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும் இடமாக மட்டும்தான் நினைக்கிறோம். ஆசிரியர்களுக்கும் அங்கே பட்டறைகள் நடக்கும். பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன்னால் ஆசிரியர் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. குளுவாங்கிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, போய் இறங்கியதும் பிள்ளைகள் பொத்தானை எல்லாம் அழுத்திவிட்டு ஒரு மணி நேரத்தில் நினைவுப் பொருள் கடைக்குப் போய்விடுவார்கள். எந்த மூன்று காட்சிப்பொருள்களின் முன்னால் நிற்கப் போகிறோம், அங்கே என்ன கேள்வி கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் போனால் கதை வேறு. வடக்கில் இருப்பவர்களுக்கு அலோர் ஸ்டாரில் தேசிய அறிவியல் மையத்தின் கிளை இருக்கிறது. எங்களுக்கு ஜொகூர் பாருவில் பெட்ரோசைன்ஸின் சின்ன மையம் ஒன்று உண்டு, அது அவ்வளவு தூரமில்லை.

தமிழ்ப்பள்ளிகளுக்கென்றே அஸ்தி (அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம்) நடத்தும் இளம் அறிவியலாளர் கண்காட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒரு கேள்வியை எடுத்துச் சோதனை செய்து, அட்டையில் எழுதி, நடுவர்கள் முன்னால் தங்கள் வாயாலேயே விளக்க வேண்டும். இது பிள்ளைகளுக்கான போட்டிதான், ஆனால் ஆசிரியர்களை இவ்வளவு வளர்த்த நிகழ்ச்சி வேறு இல்லை என்பேன். மாறியையும் கட்டுப்பாட்டையும் பாடநூலில் படித்துக் கொடுப்பது சுலபம். ஒரு பத்து வயதுப் பிள்ளை, "டீச்சர், தண்ணியையும் மாத்திட்டேன், மண்ணையும் மாத்திட்டேன், இப்ப எதனால வளந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்கும்போதுதான் நமக்கே அது உறைக்கிறது. சில பள்ளிகளில் ஆசிரியரே செய்து பிள்ளை கையில் கொடுத்துவிடுகிற வழக்கமும் உண்டு. நடுவர் இரண்டாவது கேள்வி கேட்டதும் தெரிந்துவிடும், அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

வெளிநாட்டு வாய்ப்பு என்றதும் எல்லோரும் செர்ன், நாசா என்று ஆரம்பிப்பார்கள். ஜெனீவாவில் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் அனைத்துலக ஆசிரியர் பயிற்சி இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கானது, நம்மைப் போன்ற தொடக்கப்பள்ளிக்காரர்களுக்கு இல்லை. ஜப்பான் அரசின் ஆசிரியர் பயிற்சி உபகாரச் சம்பளம்தான் நமக்குக் கொஞ்சம் பொருந்தும். ஒன்றரை ஆண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்தில், ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும், வயது 35க்குள் இருக்க வேண்டும். இளைய ஆசிரியர்கள் இதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்படிப்புக்குக் கல்வியமைச்சின் ஹாடியா லாத்திஹான் என்ற உதவித் திட்டம் இருக்கிறது, சம்பளத்தோடு படிக்கலாம், போட்டி அதிகம்.

இணையத்தில் கிடைப்பவற்றில் கூகல், மைக்ரோசாப்ட் சான்றிதழ்கள் பரவாயில்லை. கல்வியமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் கணக்கு இருக்கிறவர்கள் வீட்டிலிருந்தே தயாராகலாம். ஆனால் அவை கருவியைக் கையாளச் சொல்லித் தருகின்றன, அறிவியலை இல்லை. அவ்வளவுதான்.

ரோபோட்டிக் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டி, தீபாவளிச் சந்தையில் முறுக்கு விற்று, விலையுயர்ந்த பெட்டிகளை வாங்கிக் கொடுக்கிறது. விற்ற நிறுவனம் (பெயர் வேண்டாம்) ஒரு நாள் பட்டறை நடத்தி, வண்டி கோட்டைப் பார்த்து ஓடுவதைக் காட்டிவிட்டுப் போய்விடும். அடுத்த ஆண்டு மின்கலம் சார்ஜ் ஏறாது, ஒரு சென்சர் உடைந்திருக்கும், மாற்றுப் பாகம் கேட்டால் புது மாடலைக் காட்டுவார்கள். பயிற்சி எடுத்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்திருக்கும். பெட்டி பூட்டிய அலமாரிக்குள். இதற்குப் பதில் மைக்ரோபிட் மாதிரி மலிவான சிறு கணினி அட்டைகள் நல்லது என்பது என் அனுபவம். 2016இல் பிபிசி பிரிட்டன் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்து ஆரம்பித்தது, ஐந்துக்கு ஐந்து என்று 25 சிறு விளக்குகள், நிரல் எழுதும் தளம் இலவசம். அட்டையே இல்லாவிட்டாலும் திரையில் ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் முக்கியம், கணினி அறையில் இணையம் இருந்தால் போதும். இணையம் இருக்கிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அது வேறு கதை.

இதையெல்லாம் சுற்றி வந்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: எந்தப் பட்டறை என்பதைவிட யாரோடு போகிறோம் என்பதுதான் பெரிது. தனியாகப் போகிற ஆசிரியர் உற்சாகமாகத் திரும்புவார், திங்கட்கிழமை பாடக்குறிப்பு, சிற்றுண்டிச்சாலைக் கடமை, பற்றுச்சீட்டு, மூன்றாம் ஆண்டுப் பையனின் பல் ஆட்டம் என்று எல்லாம் சேர்ந்து அந்த உற்சாகத்தைத் தின்றுவிடும். இரண்டு பேராகப் போனால், அதுவும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளியிலிருந்து போனால், "நீ செஞ்சியா? எனக்கு வரலையே" என்று கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கும். ஜப்பானில் பாட ஆய்வு என்று ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்து, பிறகு பேசித் திருத்துகிற வழக்கம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. நம் அமைச்சும் அதை இங்கே கொண்டுவந்தது, பல இடங்களில் அதுவும் ஒரு கோப்பாகிப் போனது. ஆனால் கோப்பு இல்லாமல் செய்தால் அது நன்றாகவே நடக்கிறது. நாங்கள் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் சிலர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை குளுவாங்கில் ஒரு காப்பிக்கடையில் உட்காருகிறோம். ரொட்டி பக்காரும் காப்பியும், மேசை மேல் யாராவது கொண்டுவந்த பல்பும் ஒயரும். ஒருவர் சொன்னதை மற்றவர் தன் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு அடுத்த மாதம் வந்து சொல்வார். ஓபிஆர் கிடையாது.

அங்கே முளைத்த இரண்டு வேலைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஆட்களோடு தொடர்பு எப்படி வருகிறது என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது.

முதலாவது கூன்வண்டு. செம்பனைக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது யார் என்று எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் பாடநூலில் படித்தபடி காற்று, தேனீ, வண்ணத்துப்பூச்சி என்பார்கள். உண்மையில் அது எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்ற ஒரு சின்ன ஆப்பிரிக்கக் கூன்வண்டு, அரிசியைவிடச் சிறியது. 1981க்கு முன்னால் தீபகற்பத்தில் அது இல்லை. செம்பனையை மட்டும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை, அதனால் மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து பெண் பூங்கொத்துகளில் ஊதிவிடுவதற்கென்றே ஆட்கள் வேலை செய்தார்கள். லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி கேமரூனில் வேலை பார்த்தபோது அங்கே யாரும் ஊதாமலே காய் பிடிப்பதையும் பூக்களில் வண்டு மொய்ப்பதையும் கவனித்தார். காற்றால்தான் சேர்க்கை நடக்கிறது என்று நிபுணர்கள் நம்பியிருந்த காலம், அவர் பேச்சு எடுபடவில்லை. பின்னால் அவர் பெரிய பொறுப்புக்கு வந்த பிறகு ரஹ்மான் சையது என்ற பூச்சியியலாளரைக் கேமரூனுக்கு அனுப்பிச் சோதிக்க வைத்தார். வேறு பயிர்களுக்குக் கேடு செய்யாது என்று உறுதியான பிறகு வண்டுகளை இங்கே கொண்டுவந்து முதன்முதலாக விட்ட இடம் எது தெரியுமா? குளுவாங். 1981 பிப்ரவரியில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில். ஒரு நாட்டின் விவசாயத்தையே மாற்றிய சோதனை, எங்கள் ஊரில் நடந்திருக்கிறது, எங்கள் பாடநூலில் அது இல்லை.

இதைக் காப்பிக்கடையில் ஒருவர் சொன்னதும் அடுத்த மாதமே வேலை ஆரம்பித்துவிட்டது. தோட்டத்து மேனேஜரிடம் கடிதம் கொடுத்து, தோட்ட எழுத்தரான கிராணியிடம் மருந்து அடிக்காத நாள் எது என்று கேட்டு, காலணி போட்ட பிள்ளைகளை வேலியோரத்து மரங்களுக்குக் கூட்டிப் போனோம். பூத்திருக்கும் ஆண் பூங்கொத்தின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்லத் தட்டினால் வண்டுகள் உதிரும். எண்ணலாம். பூவை முகர்ந்தால் சோம்பு வாசனை, வண்டை இழுப்பது அந்த வாசனைதான். காலையில் அதிகமா மதியத்திலா, மழை பெய்த மறுநாள் குறையுமா, பக்கத்து மரத்திலும் அதே அளவா என்று கேள்விகளைப் பிள்ளைகளே எழுப்பினார்கள். நாங்கள் செய்தது, ஒரு நேரத்தில் ஒரு கேள்வியைத்தான் பார்க்க வேண்டும் என்று அடக்கி வைத்தது மட்டும். வீட்டுக்குப் போய்க் கேட்டு வரச் சொன்னதில் ஒரு பிள்ளையின் பாட்டி பவுடர் ஊதும் வேலை செய்தவர் என்று தெரிந்தது. அவரையே பள்ளிக்கு அழைத்துப் பேச வைத்தோம். "பூவுக்கு நாங்கதான் கல்யாணம் பண்ணி வெச்சோம், அப்புறம் வண்டு வந்து எங்க வேலையை எடுத்துக்கிச்சு" என்றார், வகுப்பே சிரித்தது.

இந்த வேலைக்குப் பிறகுதான் வெளியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வந்ததில்லை, வந்தாலும் "எங்கள் கார்னிவலுக்கு மாணவர்களை அனுப்புங்கள்" என்பதோடு சரி. எங்களிடம் வண்டுக் கணக்கு இருக்கிறது, இதில் இன்ன சந்தேகம் இருக்கிறது என்று எழுதியபோது ஒரு விரிவுரையாளர் தன் மாணவர்களோடு நேரில் வந்தார், உருப்பெருக்கிகளைக் கையோடு கொண்டுவந்தார். பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஜொகூர்ப் பள்ளிகளுக்கு ஆள் பஞ்சம் இல்லை. சமூகச் சேவைக் கணக்குக்காக அவர்களும் பள்ளிகளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கையில் ஒரு கேள்வியோடு போகிற பள்ளிக்கும், "ஏதாவது செய்து தாருங்கள்" என்று போகிற பள்ளிக்கும் கிடைக்கிற மரியாதை வேறு.

இதே மாதிரி தோட்டத்தில் கிடக்கிற பாடங்கள் நிறைய. எலி பிடிக்க மேனேஜர்கள் வளர்க்கும் கூகைகள் கக்கும் உருண்டைகளை நன்கு சூடேற்றிக் கிருமி நீக்கி, கையுறையோடு பிரித்தால் எலியின் தாடை எலும்பு முழுதாகக் கிடைக்கும், உணவுச் சங்கிலிக்கு வேறு படம் வேண்டாம். தோட்ட ஆபீஸில் தினசரி மழை அளவைப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். பிள்ளைகள் பாட்டிலை வெட்டிச் செய்த மழைமானியின் அளவை அதோடு ஒப்பிடலாம். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தைப் பெற்றோர்கள் மறக்கவில்லை, 2023 மார்ச் வெள்ளத்தைப் பிள்ளைகளே பார்த்தார்கள், மழை அளவு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை நிழல். குளுவாங் ஏறக்குறைய வடக்கு 2 பாகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் 25ஐ ஒட்டியும் செப்டம்பர் 17, 18ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும், நட்டு வைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. மார்ச்சில் பல ஆண்டுகள் பள்ளி விடுமுறை குறுக்கே வந்துவிடும், செப்டம்பர்தான் தோது. ஆனால் அது பன்னிரண்டு மணிக்கு நடக்காது. செப்டம்பரில் மதியம் 1 மணி ஒரு நிமிடம் வாக்கில், மார்ச்சில் 1.13 வாக்கில். நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு ஒத்தது, நாம் இருப்பதோ 103இல். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். இதைச் சொன்னபோது அதே பாட்டி, "அதான் அப்பல்லாம் பன்னெண்டரைக்கே உச்சி வெயிலு!" என்றார். சரியான கணக்கு.

ஒரு பள்ளி தனியாகச் செய்தால் இது வேடிக்கையோடு நின்றுவிடும். சுங்கைப்பட்டாணியில் ஒரு பள்ளியைச் சேர்த்துக்கொண்டால் பூமியையே அளந்துவிடலாம். அந்த ஊர் ஏறக்குறைய 5.65 பாகையில் இருக்கிறது, நமக்கும் அதற்கும் வித்தியாசம் 3.6 பாகை. நமக்கு நிழல் மறையும் அதே நாளில், பதினோரு நிமிடம் கழித்து அவர்களுக்கு உச்சி வரும்போது, ஒரு மீட்டர் குச்சிக்கு 6.3 சென்டிமீட்டர் நிழல் விழும். 3.6 பாகை என்பது வட்டத்தில் நூறில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 400 கிலோமீட்டர், நூறால் பெருக்கினால் 40,000. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் எகிப்தில் செய்த அதே கணக்கு, எண்கள் இவ்வளவு வசதியாக அமைவது நம் அதிர்ஷ்டம். நெடுஞ்சாலைத் தூரத்தைப் போட்டால் தப்பாகிவிடும், வரைபடத்தில் நேர் வடக்கு தெற்காக அளக்க வேண்டும், பிள்ளைகள் முதலில் அங்கேதான் சறுக்குவார்கள். நிழலின் ஓரம் கூர்மையாக இருக்காது, சூரியன் ஒரு புள்ளி இல்லையே, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கலாகத்தான் தெரியும். மூன்று மில்லிமீட்டர் தப்பினால் விடை ஐந்து விழுக்காடு தப்பும். அளவீட்டில் பிழை என்றால் என்ன என்று இதைவிட நன்றாகச் சொல்லித் தருகிற ஒரு பயிற்சித் தாளை நான் பார்த்ததில்லை.

மேகம் வந்துவிடுமே என்றால், வரும். அதனால்தான் முன்னும் பின்னுமாகச் சில நாள் சேர்த்து வைத்துக்கொள்கிறோம். ஒரு நாளுக்கு 0.4 பாகைதான் சூரியன் நகர்கிறது, அடுத்த நாள் செய்தால் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏழு மில்லிமீட்டர் நிழல் இருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டே அளப்பதால் வானம் எங்கே மூடியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சுங்கைப்பட்டாணி டீச்சரை எனக்குத் தெரிந்ததும் ஒரு பயிற்சியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பழக்கத்தில்தான். அந்தப் பயிற்சியில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு, சில காரியங்கள். தோட்டத்துக்குள் போவதற்கு அனுமதி மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள், மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் ஒரு நகல். பள்ளிக்கு வெளியே பிள்ளைகளை அழைத்துப் போகிற கடிதத்தை ஒரு மாதத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள், கடைசி வாரத்தில் போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் ஏதாவது ஒரு பட்டறையில் இருப்பார். பயிற்சிக்குப் பெயர் கேட்டு வந்தால் ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் எழுதுங்கள், ஒன்று உங்கள் பள்ளி, ஒன்று பக்கத்துப் பள்ளி. இடமில்லை என்று ஒரு பெயரை வெட்டுவார்கள், பாதிச் செலவை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள், சில சமயம் நடக்கும். பயிற்றுநரிடம் முதல் நாளே கேளுங்கள்: மூன்று மாதம் கழித்து எங்களைத் திரும்பக் கூப்பிடுவீர்களா? ஆம் என்று சொல்கிறவர்களின் நிகழ்ச்சிக்கு நான் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கத் தயார்.

அக்டோபர் 4இலிருந்து 10 வரை உலக விண்வெளி வாரம். 1957இல் ஸ்புட்னிக் பறந்த நாளில் ஆரம்பித்து 1967இல் விண்வெளி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில் முடியும்படி ஐநா 1999இல் அறிவித்தது, எந்தப் பள்ளியும் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. செப்டம்பரில் அளந்த நிழல் கணக்கை அந்த வாரம் பெற்றோர்களுக்குக் காட்டுவதாகத் திட்டம், பிள்ளைகளே விளக்குவார்கள். ரெங்கம் பக்கத்துப் பள்ளி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது, அவர்களிடம் நேரான ஒரு மீட்டர் குச்சிகள் இல்லையாம், ஹார்ட்வேர் கடையில் பிவிசி குழாயை வெட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.